ஒரு மெஷின், நாலு ஏஜென்ட்

எங்கள் கம்பெனியின் பில்ட் மெஷின் என் வீட்டுப் படுக்கையறையில் இருந்தது. திருச்சி கே.கே. நகரில் ஒரு மாடித் தளத்தை வாடகைக்கு எடுத்து நடத்திவந்த ஆபீஸை, எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் பழகிவிட்ட பிறகு காலி செய்தார்கள். நாற்காலி மேஜைகளை யாரோ வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏ.சி.யைக் கழற்றினார்கள். கடைசியில் அந்த மெஷின் மட்டும் வெறும் தரையில் நின்றது. மேனேஜர் என் பக்கம் திரும்பி, "உங்க வீட்ல இன்வெர்ட்டர் இருக்குல்லம்மா?" என்று கேட்டார். இருக்கு சார் என்றேன். அன்று சாயங்காலமே அது ஆட்டோவில் என் மடியில் உட்கார்ந்து காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்துவிட்டது.

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்கார மாமியும் அவர் கணவரும். என் கணவருக்குத் துறையூரில் வேலை. காலையில் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். ஆகவே பகல் முழுக்க மாடியில் நானும் மெஷினும்தான். பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு அதன்மேல் வைத்தேன். ஜன்னல் கதவை இனிமேல் முழுதாகத் திறக்க முடியாது என்பது வைத்த பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் செய்வது மருந்துக்கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர். மாத்திரை அட்டையில் பாதியை வெட்டிக் கொடுத்தால் ஸ்டாக்கிலும் பாதிதான் குறைய வேண்டும், காலாவதியான மருந்து பில்லில் ஏறவே கூடாது, இந்த மாதிரி விஷயங்கள். எங்களில் யாராவது கோடில் ஒரு மாற்றம் செய்து அனுப்பினால், அதை எடுத்து, முழு சாஃப்ட்வேரையும் புதிதாகக் கட்டி, மாற்றம் செய்த பகுதிக்கான டெஸ்டுகளை ஓட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சை, தப்பாக இருந்தால் சிவப்பு என்று அவர் பெயருக்கு நேரே காட்டுவதுதான் பில்ட் மெஷினின் வேலை. மெஷினுக்குள் இருந்து இதைச் செய்கிற புரோகிராமுக்கு ஏஜென்ட் என்று பெயர். ஓர் ஏஜென்ட் ஒரு நேரத்தில் ஒருவருடைய வேலையைத்தான் எடுக்கும். மற்றவர்கள் ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி நிற்க வேண்டியதுதான். இதைப் பராமரிப்பது என் பொறுப்பு. வேறு யாருக்கும் அதில் ஆசை இருந்ததில்லை.

ஆட்கள் கூடக் கூட வரிசையும் நீண்டது. காலையில் கொடுத்த மாற்றத்துக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் பதில் வருகிறது என்று எல்லோரும் என்னிடம் புலம்பினார்கள். நான் மேனேஜரிடம் இன்னொரு மெஷின் கேட்டேன். அவர் திரையில் எதையோ பார்த்துக்கொண்டே, "எதுக்கும்மா? இந்த மெஷின்ல பாதி சும்மாத்தானே இருக்கு? இதுலயே இன்னொரு ஏஜென்ட் போட்டுடுங்க. போடலாம்னு ஏஜென்டைப் பண்ணவங்களே எழுதியிருக்காங்க, நான் படிச்சேன்" என்றார்.

"போடலாம் சார். ஆனா நம்ம டெஸ்டெல்லாம் மெஷின்ல நாம மட்டும்தான் இருக்கோம்னு நெனச்சு எழுதினது. ரெண்டு பேர் சேர்ந்து ஓடினா ஒண்ணோட ஒண்ணு இடிக்கும்."

"இடிச்சா பாத்துக்கலாம்."

பார்த்துக்கொள்ளப் போவது யார் என்பதில் அவருக்கும் எனக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

போட்டேன். அதற்கென்று தனி ஃபோல்டர், தனிப் பெயர், எல்லாம் முறைப்படி. முதல் சில நாள் அருமையாக ஓடியது. வரிசை பாதியானது. மேனேஜர் உடனே வாடிக்கையாளர்களுடனான மீட்டிங்கில், எங்கள் வேகத்தை இரண்டு மடங்காக்கிவிட்டோம் என்று சொல்லிவிட்டார். ஒரு முறை சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாதே. மூன்றாவது ஏஜென்ட் வந்தது. அதன் பிறகு நாலாவது. நாலும் சேர்ந்து ஓடும்போது மெஷினின் ஃபேன் போடுகிற சத்தத்தில் அந்த அறையில் போன் பேச முடியாது. மடிக்கணினியை எடுத்துக்கொண்டு சமையலறை மேடைக்குப் போய்விடுவேன்.

ஒரு நாள் மாமி மாடியேறி வந்தார். முழங்கால் வலியோடு படியேறி வருகிறார் என்றாலே விஷயம் பெரியது.

"ஏம்மா, மேல மாவு மெஷின் ஏதாவது போட்டிருக்கேளா? மத்யானம் செத்த கண்ணசரலாம்னா ஒரேயடியா உறுமறது."

"ஆபீஸ் மெஷின் மாமி."

"ஆபீஸ் மெஷின் ஆபீஸ்ல இருக்கப்படாதோ?"

ஆபீஸே இல்லை மாமி என்று சொன்னால் அவர் இன்னும் கவலைப்படுவார். ஸ்டூலுக்கு அடியில் பழைய போர்வையை மடித்துப் போட்டேன். கொஞ்சம் அதிர்வு குறைந்த மாதிரி இருந்தது. மாமிக்கு அப்படித் தோன்றவில்லை.

நான் பயந்தபடியே இடிக்க ஆரம்பித்தது. டெஸ்ட் ஓடும்போது தற்காலிகமாக ஒரு சர்வர் எழும்பும். அது எப்போதும் ஒரே போர்ட் எண்ணைத்தான், வீட்டுக் கதவு எண் மாதிரி ஒன்றைத்தான், கேட்கும். முதலில் வந்த ஏஜென்ட் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டால், அடுத்து வந்தது கிடைக்கவில்லை என்று சொல்லிச் சிவப்பாகிவிடும். ஒவ்வொரு ஏஜென்டுக்கும் தனி எண் கொடுத்தேன். அது அடங்கியதும், எல்லா ஏஜென்டுகளும் ஒரே தற்காலிக ஃபோல்டரில் எழுதுவது தெரியவந்தது. ஒருத்தருடைய டெஸ்டில் இருமல் மருந்துக்குப் போட்ட பில், இன்னொருத்தருடைய டெஸ்டில் இன்சுலினுக்கு நேரே போய் நின்றது. அதைப் பிரித்தேன். ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்க நாள்கணக்கில் பிடித்தது. ஏனென்றால், தேடிக்கொண்டு போகும்போது எதுவும் இடிக்காது. இரண்டு ஏஜென்டாவது ஒரே நேரத்தில் ஒரே இடத்தைத் தொட வேண்டும். அது எப்போது நடக்கும் என்று யாருக்குத் தெரியும்?

இதற்குள் ஆட்கள் ஒரு பழக்கத்துக்கு வந்துவிட்டார்கள். சிவப்பு வந்தால் ஏன் என்று பார்ப்பதில்லை. திரும்ப ஓட்டு என்ற பட்டனை அழுத்துவார்கள். இரண்டாவது தடவை பச்சையாகிவிடும். எனக்கு இதைவிடக் கேவலமாக எதுவும் தோன்றவில்லை. சிவப்பு என்றால் தப்பு என்று ஒருத்தரும் நம்பாத இடத்தில் அந்த மெஷின் எதற்காக என் படுக்கையறையில் உறுமிக்கொண்டிருக்க வேண்டும்? மீட்டிங்கில் கேட்டேன். மேனேஜர், "எமோஷனல் ஆகாதீங்கம்மா" என்றார்.

எங்கள் குழுவில் ஒருவருக்கு மட்டும் திரும்ப ஓட்டினாலும் சிவப்புதான் வந்தது. அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பாலக்கரைப் பக்கத்துக்காரர். வளைகுடாவில் ஒரு பெரிய கடையின் குடோனில் சரக்குக் கணக்கு சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொண்டு பல வருஷம் இருந்துவிட்டு, அங்கே ஆட்குறைப்பு வந்ததும் ஊர் திரும்பியவர். நாற்பதைத் தாண்டிய வயதில் உட்கார்ந்து புரோகிராமிங் படித்து எங்கள் கம்பெனியில் சேர்ந்தார். அவரைவிட இளையவர்களையும் சார், மேடம் என்றுதான் கூப்பிடுவார். குடோன் அனுபவம் இருந்ததால் ஸ்டாக் கணக்கெடுக்கிற பகுதி முழுக்க அவரிடம் வந்தது. அவர் இன்னும் ப்ரொபேஷனில் இருந்தார்.

அவரிடமிருந்து தினமும் போன் வரும்.

"மேடம், திரும்பவும் செவப்பு."

"என்ன காட்டுது பாய்?"

"டேட்டாபேஸோட தொடர்பு அறுந்துபோச்சுங்குது. நேத்தும் இதேதான். என் லேப்டாப்புல ஓட்டினா பச்சையா ஓடுது. நான் எங்கயாவது எதையாவது மூடாம விட்டுருக்கேனான்னு ஒவ்வொரு வரியா பாத்துட்டேன் மேடம். கண்ணு பூத்துப்போச்சு."

நானும் பார்த்தேன். போர்ட் இல்லை, ஃபோல்டர் இல்லை. அவருடைய டெஸ்டுகள் மற்றவர்களுடையதைவிட மிக நீளமானவை. ஒரு கடையின் முழு ஸ்டாக்கையும் ஏற்றி இறக்கிப் பார்க்கிறவை. நான் துணி துவைத்து, மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கோ நடுவில், சொல்லாமல் கொள்ளாமல் செத்துவிடும்.

மாதாந்திர மீட்டிங்கில் மேனேஜர் ஒரு படம் போட்டுக் காட்டினார். யாருடைய பில்ட் எத்தனை தடவை சிவப்பானது என்று கம்பி கம்பியாக. பாயின் கம்பி மட்டும் பனைமரம் மாதிரி நின்றது. மற்ற எல்லோருடைய கேமராவும் அணைந்திருந்ததால் யார் முகமும் தெரியவில்லை. பாய் மட்டும் கேமராவைப் போட்டிருந்தார். புதிதாகச் சேர்ந்தவர்கள் போட வேண்டும் என்று எப்போதோ சொன்னதை அவர் இன்னும் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார்.

மீட்டிங் முடிந்ததும் மேனேஜருக்கு போன் செய்தேன்.

"சார், அது அவரோட கோடு இல்ல. மெஷின் பிரச்சினைன்னுதான் எனக்குத் தோணுது."

"அப்போ மத்தவங்களுக்கு ஏன் வரல?"

அந்த ஒரு கேள்வி என்னை எத்தனை நாள் அரித்தது என்று சொல்ல முடியாது. சோறு வடிக்கும்போது அதே நினைப்பு. கோயிலுக்குப் போய் வரிசையில் நின்றாலும் அதே நினைப்பு. மேனேஜர் விடாமல் சொன்னார்: "நல்ல மனுஷன்தாம்மா. ஆனா லேட்டா வந்தவரு. சில பேருக்கு வராது. பெருநாளைக்கு முன்னாடி ரிவ்யூ வச்சு ஒரு முடிவு பண்ணிடலாம்." பெருநாளைக்கு முன்னாடி என்பதை அவர் கரிசனத்தோடு சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ரம்ஜான் நோன்பு தொடங்கியிருந்தது. நான் பாயைக் கூப்பிட்டு, "நீங்க இங்க வாங்க பாய். மெஷின் பக்கத்துல உக்காந்து ரெண்டு பேரும் பாப்போம். தூரத்துல இருந்து பாத்தா ஒண்ணும் புரியல" என்றேன். அவர் தயங்கினார். வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்டார். கீழே மாமி இருக்கிறார், கதவைத் திறந்தே வைத்திருப்பேன் என்றேன். மறுநாள் காலை ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு மாடியேறினார்.

மெஷினை ஹாலுக்கு இழுத்து வந்திருந்தேன். அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இவ்வளவு சின்னதா? நான் என்னமோ பீரோ சைஸுக்கு நெனச்சிருந்தேன்" என்றார்.

முதலில் மற்ற மூன்று ஏஜென்டுகளையும் நிறுத்திவிட்டு, அவருடைய பில்டை மட்டும் ஓட்டினோம். குழுவில் எல்லோருக்கும், பராமரிப்பு வேலை நடக்கிறது, காத்திருங்கள் என்று எழுதிப் போட்டேன். பாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடியது, ஓடியது, பச்சையானது. அவர் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டார். பிறகு, "இன்னொரு தடவை மேடம்" என்றார். அதுவும் பச்சை.

அப்புறம் ஓர் ஏஜென்டை மட்டும் கூடச் சேர்த்தேன். பாயின் பில்ட் ஒன்றில், வேறொருவருடைய சின்ன பில்ட் இன்னொன்றில். இரண்டும் திரையில் பக்கத்துப் பக்கத்து ஜன்னலில் ஓடின. சின்னது சீக்கிரம் முடிந்து பச்சையானது. அது பச்சையான அதே மூச்சில் பாயின் ஜன்னல் சிவப்பானது. டேட்டாபேஸோடு தொடர்பு அறுந்தது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அது முடிஞ்சதும் இது போச்சு" என்றேன்.

"தற்செயலா இருக்குமோ?"

மறுபடி ஓட்டினோம். சின்னது முடிகிற வரைக்கும் பெரியது நன்றாக ஓடியது. முடிந்தது. பெரியது செத்தது.

அப்போது மாமி வாசலில் வந்து நின்றார். பாயைப் பார்த்துவிட்டு என்னிடம், "ஆபீஸ்காராளா? வெயில்ல வந்திருக்கார். மோர் கொண்டுவரட்டுமா?" என்றார்.

"வேணாம்மா, நோன்பு" என்றார் பாய், எழுந்து நின்று.

"ஓ, உபவாசமா. ஜலம் கூடக் கிடையாதோ உங்களுக்கு? உக்காருங்கோ, உக்காருங்கோ." இரண்டு படி இறங்கியவர் திரும்பி நின்று, "இந்த உறுமலுக்கு ஏதாவது வழி பண்ணிட்டுப் போங்கோ. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார்.

சின்னது முடிந்ததும் பெரியது ஏன் சாகிறது? ஓர் ஏஜென்ட் தன் வேலையை முடித்ததும் கடைசியாக ஸ்கிரிப்ட் என்கிற ஒரு குட்டிப் புரோகிராமை ஓட்டும். சுத்தம் செய்கிற ஸ்கிரிப்ட். நான் இத்தனை நாள் எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன், அதை மட்டும் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. மேனேஜர் முன்பு எங்களைப் போல கோடு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவர் கையால் எழுதியது அது. "கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு தடவகூட அது தப்பு பண்ணதில்ல, அதுல மட்டும் கை வைக்காதீங்க" என்று நான் சேர்ந்த புதிதிலேயே சொல்லியிருந்தார். ஆறிப்போன காபியைத் தள்ளி வைத்துவிட்டு அதைத் திறந்தேன்.

சின்ன ஸ்கிரிப்ட். ஒவ்வொரு பில்டும் டெஸ்டுக்கென்று தனியாக ஒரு டேட்டாபேஸைக் கிளப்பிக்கொள்ளும். வேலை முடிந்ததும், மெஷினில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்ட் டேட்டாபேஸ்கள் எல்லாவற்றையும் நிறுத்து என்று சொன்னது. எல்லாவற்றையும். ஒரே ஏஜென்ட் இருந்த காலத்தில் அது சரி. மிச்சமாக ஓடிக்கொண்டிருப்பது எதுவானாலும் அது நம் குப்பைதான். இப்போது நாலு பேர் இருக்கிறார்கள். முதலில் முடிக்கிறவர் மற்ற மூன்று பேருடையதையும் பெருக்கித் தள்ளிவிட்டுப் போகிறார். மற்றவர்களுடைய பில்ட் சின்னது, எப்போதாவதுதான் மாட்டும், திரும்ப ஓட்டினால் தப்பித்துவிடும். பாயுடையது நீளம். அது ஓடுகிற நேரத்துக்குள் வேறு யாராவது ஒருத்தர் முடிக்காமல் இருக்கப் போவதில்லை. திரும்ப ஓட்டினாலும் அதே கதிதான்.

பாய்க்கு விளக்கினேன். "அப்ப நான் எழுதினதுல ஒண்ணும் இல்லையா?" என்றார்.

"ஒண்ணும் இல்ல பாய்."

"என் வீட்டுக்காரிகிட்ட, எனக்கு மண்டையில ஏறல போலருக்கு, திரும்ப வளைகுடாவுக்கே போயிடறேன்னு போன வாரம்தான் சொன்னேன்" என்றார். சிரிக்கிற மாதிரி சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேனேஜர் அப்போது எதிரில் இருந்திருந்தால் என்ன பேசியிருப்பேனோ தெரியாது.

ஒவ்வொரு ஏஜென்டும் தான் கிளப்பிய டேட்டாபேஸை மட்டும் நிறுத்தும்படி ஸ்கிரிப்டை மாற்றினேன். பெரிய வேலை ஒன்றுமில்லை. நாலையும் ஓட விட்டோம். நாலும் பச்சை. பாய் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். நான் மேனேஜருக்கு போன் செய்தேன்.

"அந்த ஸ்கிரிப்டா? அது எத்தனை வருஷமா நல்லா ஓடுதேம்மா."

"ஒரு ஏஜென்ட் இருந்தப்ப நல்லா ஓடுச்சு சார். இப்ப நாலு இருக்கு. அதுதான் பாயோட பில்டைக் கொன்னுட்டிருந்துச்சு."

"சரி, மாத்திட்டீங்கல்ல? ஓகே. குட்." பின்னால் டி.வி. சத்தம் கேட்டது. "ஆனா மாத்தறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

ரிவ்யூவுக்கு கே.கே. நகரில் ஒரு டியூஷன் சென்டரின் அறையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். எல்லோரும் நேரில் வர வேண்டும் என்று உத்தரவு. நான் ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போய், அங்கே பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். மேனேஜர் அதே கம்பிப் படத்தைப் போட்டார். பாயின் பனைமரம் இந்தத் தடவை புல்லாகியிருந்தது.

"இங்க பாருங்க" என்றார் மேனேஜர். "இதுக்குப் பேருதான் இம்ப்ரூவ்மென்ட். நான் பாய்கிட்ட தனியா பேசினேன், கொஞ்சம் கவனமா எழுதுங்கன்னு சொன்னேன். மனுஷன் எடுத்துக்கிட்டார் பாத்தீங்களா? எல்லாரும் கைதட்டுங்க."

கைதட்டினார்கள். பாய் தலையைக் குனிந்துகொண்டு புன்னகைத்தார்.

"சார், அவர் இம்ப்ரூவ் ஆகல" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அவரோட கோட்ல ஒரு வரி மாறல. முன்னாடி எழுதினதுதான் இப்பவும் இருக்கு. தப்பு நம்ம ஸ்கிரிப்ட்ல இருந்துச்சு. நாலு ஏஜென்டை ஒரே மெஷின்ல போட்டதுனால வந்தது. உங்ககிட்ட சொல்லிட்டேனே சார்."

மேனேஜர் அசையவில்லை. சிரித்த முகத்தோடேயே, "எப்படியோம்மா, பச்சையாச்சுல்ல? அதுதான் முக்கியம்" என்று அடுத்த படத்துக்குப் போனார். ஆனால் அவருடைய காது மடல்கள் சிவந்திருந்தன. பாயின் வேலையை நிரந்தரமாக்குகிற கன்ஃபர்மேஷன் பற்றி அன்று அவர் வாயைத் திறக்கவில்லை.

வெளியே ஸ்கூட்டர் நிறுத்தியிருந்த இடத்தில் பாய் எனக்காகக் காத்திருந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஏன் மேடம் அப்படிப் பண்ணீங்க?"

"என்ன பாய்?"

"மேனேஜர் இன்னைக்கு கன்ஃபர்மேஷன் லெட்டர் தர்றதா இருந்தாரு. காலையில போன்ல சொன்னாரு. பையிலேர்ந்து எடுத்து வச்சிருந்தாரு, நான் பாத்தேன். நீங்க பேசினதும் உள்ள வச்சுட்டாரு."

"அவர் பொய் சொல்றார் பாய். நீங்க என்னமோ தப்பு பண்ணி, அவர் புத்தி சொல்லித் திருந்தின மாதிரி."

"திருந்தினதாவே இருக்கட்டுமே. எனக்கு அதுல என்ன கொறைஞ்சிடும்? ரெண்டு பொண்ணு வச்சிருக்கேன் மேடம். லெட்டர் கைக்கு வந்தப்புறம் பேசியிருந்தா நானும் உங்க பக்கத்துல நின்னு பேசியிருப்பேன்." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "நீங்க எனக்காகப் பேசினீங்களா, உங்களுக்காகப் பேசினீங்களான்னு தெரியல."

கிளம்பிப் போய்விட்டார். எனக்கு அவர் மீதும் கோபம் வந்தது. கண்ணு பூத்துப்போச்சு என்று தினமும் என்னிடம்தானே புலம்பினார்? பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் எதுவும் ஓடவில்லை. அவர் கடைசியாகக் கேட்டதற்கு எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. இரண்டு பேருக்காகவும்தான் பேசினேன். அதில் என்ன தவறு?

பெருநாள் போய்விட்டது. பாயிடமிருந்து போன் வரவில்லை. பில்ட் பச்சையாக ஓடியதால் என்னைக் கூப்பிட அவருக்குக் காரணமும் இல்லை. நான் வாழ்த்து அனுப்பினேன். கை கூப்பிய படம் ஒன்று பதிலாக வந்தது. நான் மேனேஜரிடம் பேச்சுவாக்கில் கேட்பது போல பாயுடைய லெட்டரைப் பற்றி இரண்டு தடவை கேட்டேன். "ப்ராசஸ்ல இருக்கும்மா" என்றார். லெட்டர் எங்கே ப்ராசஸில் இருக்க முடியும், பையில்தானே இருக்கிறது என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு காலையில், நான் இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"மேடம், லெட்டர் வந்துருச்சு. மெயில்ல."

"சந்தோஷம் பாய்."

"கூடவே இன்னொண்ணும் வந்திருக்கு. புதுசா சேர்ந்தவங்களுக்கு நான் ஒரு மணி நேரம் கிளாஸ் எடுக்கணுமாம். 'என் பில்டை நான் பச்சையாக்கியது எப்படி'ங்கறது தலைப்பாம். நான் என்னத்தை மேடம் சொல்றது? அஞ்சு வேளை தொழுதேன்னு சொல்லவா?"

நான் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அவரும் அந்தப் பக்கம் சிரித்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேராலும் நிறுத்த முடியவில்லை. அந்த ரிவ்யூவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

"என்ன சொல்லப் போறீங்க?" என்றேன்.

"யோசிச்சு வச்சிருக்கேன். நீங்க மட்டும் நடுவுல பேசாம இருங்க மேடம். தயவுசெஞ்சு."

கிளாஸ் ஆன்லைனில் நடந்தது. மேனேஜரும் வந்திருந்தார், கேமராவைப் போட்டுக்கொண்டு. பாய் நாலு பெட்டி வரைந்து, ஒரே வீட்டில் நாலு குடித்தனம் என்றார். யார் எதைப் பகிர்ந்துகொள்கிறார்கள், போர்ட் எப்படி மோதும், ஃபோல்டர் எப்படிக் கலக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் அவருக்குச் சொன்னதைவிடத் தெளிவாகவே சொன்னார். கடைசியில் அந்தச் சுத்தம் செய்கிற ஸ்கிரிப்டைத் திரையில் போட்டு, பழைய வரியையும் புதிய வரியையும் அடுத்தடுத்துக் காட்டி, முதல் குடித்தனக்காரர் தன் வாசலைப் பெருக்குகிறேன் என்று எல்லோருடைய அடுப்பையும் அணைத்துவிட்டுப் போனார் என்றார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் கேட்டாள்: "இந்த மாதிரி ஒரு ஸ்கிரிப்டை யார் சார் எழுதினது?"

நான் வாயைத் திறந்து மூடினேன். என் மைக் அணைந்துதான் இருந்தது.

"ரொம்பப் பழசும்மா அது" என்றார் பாய். "எழுதின காலத்துல அது சரிதான்."

மேனேஜர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "எக்ஸலன்ட் பாய். இதைத்தான் நான் ரொம்ப நாளா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்" என்றார்.

அன்று மத்தியானம் மேனேஜரிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. இப்போதுதான் எல்லாம் சரியாகிவிட்டதே, அதே மெஷினில் ஆறு ஏஜென்ட் போடலாமே என்று எழுதியிருந்தார். வழக்கமாக நான் இதற்குப் பெரிய பதில் எழுதுவேன். மெமரி போதாது, சூடு தாங்காது, இன்னொரு மெஷின் ஏன் வேண்டும் என்று பத்தி பத்தியாக. எழுத ஆரம்பித்தேன், பிறகு எல்லாவற்றையும் அழித்தேன்.

"முடியாது சார்" என்று மட்டும் அனுப்பினேன்.

"ஓகே, பாக்கலாம்" என்று பதில் வந்தது. இரண்டாவது மெஷின் இன்னும் வரவில்லை.